உடம்புக்கு இரண்டு வாரம் கொடுங்கள்

(சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகக் கிளை நூலகம் ஒன்றில், ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் இந்த ஊருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். கல்லூரியில் இடம் கிடைத்து வந்தவர்கள், பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை கிடைத்து வந்தவர்கள், வீட்டுக்காரருக்கு மாற்றல் ஆனதால் வந்தவர்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த பாட்டிமார்கள் என்று எல்லாரும் இருக்கிறீர்கள். நானும் கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன்தான். என் முன்னால் வந்து உட்காரும் புதியவர்கள் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: “டாக்டர், எங்க ஊர்லயும் வெயில் உண்டு. ஆனா இது என்னமோ வேற மாதிரி இருக்கு.”

அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்த ‘வேற மாதிரி’ என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். மே மாதத்தில் வேலூரிலும் திருச்சியிலும் வெப்பமானி காட்டும் எண், பல நாள்கள் சென்னையைவிடக் கூடுதலாகவே இருக்கும். கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வந்துகொண்டே இருப்பதால் கோடையிலும் விடியற்காலையில் மின்விசிறியைக் குறைக்கத் தோன்றும். அங்கிருந்து வருகிறவரைச் சென்னையில் முதலில் அடிப்பது பகல் வெயில்கூட இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் அடங்காத புழுக்கம். காற்றில் இருக்கும் ஈரம்தான் இதற்குக் காரணம்.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வறண்ட ஊரில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். கடலோரத்தில் அதே பானை அரைகுறையாகத்தான் குளிரும், ஏனென்றால் ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை வாங்க மறுக்கிறது. நம் தோலுக்கும் இதே நிலைதான். ஒரு லிட்டர் வேர்வை தோலிலிருந்து முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். அதே ஒரு லிட்டர் தாடையிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டித் தரையில் விழுந்தால் உடம்பு குளிர்வதில்லை. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். உள்நாட்டில் நமக்கு வேர்ப்பதே தெரியாது, வேர்க்க வேர்க்கக் காய்ந்துவிடும். இங்கே வேர்ப்பது மட்டும்தான் தெரியும். “எங்க ஊர்ல எனக்கு வேர்க்கவே வேர்க்காது” என்று சொல்லும் அம்மாக்களுக்கு நான் சொல்வது இது: அங்கேயும் வேர்த்தது அம்மா, காற்று கொண்டுபோய்விட்டது.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புழுக்கத்துக்கு நம் உடம்பு பழகும். மனம் சலித்துச் சகித்துக்கொள்வதை நான் சொல்லவில்லை. ரத்தம், இதயம், வேர்வைச் சுரப்பி, சிறுநீரகம் எல்லாமே தங்கள் வேலைமுறையை மாற்றிக்கொள்கின்றன. வெக்கையில் நடமாடத் தொடங்கிய முதல் சில நாள்களிலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயம் முன்போலப் படபடக்க வேண்டியதில்லை. அடுத்த ஒரு வாரத்தில் வேர்வைச் சுரப்பிகள் முந்திக்கொள்கின்றன. உடம்பு நன்றாகச் சூடேறும்வரை காத்திராமல், கொஞ்சம் ஏறும்போதே வேர்க்கத் தொடங்குகிறது, அதிகமாகவும் வேர்க்கிறது. கூடவே, வேர்வையோடு வீணாகும் உப்பை உடம்பு திருப்பி இழுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. புதிதாக வந்தவர் பேருந்தில் போய் இறங்கியதும் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே சட்டையில் அந்தக் கோடு மங்கிவிடும். கவனித்துப் பாருங்கள். மருந்தில்லாமல், பரிசோதனைக்கூடம் இல்லாமல், உங்கள் உடம்பு பழகிவிட்டதற்கு நீங்களே பார்க்கக்கூடிய அடையாளம் அது.

ஏழு நாளிலிருந்து பதினான்கு நாள். ஆரோக்கியமான ஒருவருக்கு இவ்வளவுதான் தேவை. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1920களில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில், மிக ஆழத்தில், ஈரமும் சூடும் நிறைந்த குடைவுகளில் வேலைசெய்த கறுப்பினத் தொழிலாளர்கள் வெப்பத்தாக்கில் இறந்தார்கள். 1930களில் ட்ரியோஸ்டி என்ற மருத்துவர் புதிதாக வந்தவர்களைச் சூடான அறைகளில் வேலைசெய்ய வைத்துச் சோதித்தார். யார் சீக்கிரம் பழகுகிறார், யார் மெதுவாகப் பழகுகிறார் என்று பார்த்து, படிப்படியாகவே ஆழத்துக்கு அனுப்பும் முறை வந்தது. பின்னாளில் விண்டம் என்ற உடலியல் அறிஞர் அதை இன்னும் செம்மைப்படுத்தினார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. சுரங்க முதலாளிகள் இதைச் செய்தது தொழிலாளி மேல் இருந்த அன்பினால் என்று நான் நினைக்கவில்லை. தங்கம் தடையில்லாமல் மேலே வரவேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அந்த மனிதர்கள் கொடுத்த விலையால் கிடைத்த அறிவு இது. அதை நாம் இன்று கவனமில்லாமல் வீணாக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உரையின் கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

உடம்பு பழக வேண்டுமென்றால் வெக்கை உடம்பில் பட வேண்டும். இங்கேதான் ஏ.சி. வருகிறது. ஏ.சி. வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மே, ஜூன் மாதங்களில் சென்னையின் குறைந்தபட்ச வெப்பநிலையே பல ராத்திரிகளில் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. தூக்கம் இல்லாத உடம்பு எதற்கும் பழகாது. ராத்திரியில் ஏ.சி. போட வசதி இருந்தால் 26-ல் வைத்து, மேலே மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டுத் தூங்குங்கள். ஆனால் குளிரூட்டிய வீட்டிலிருந்து குளிரூட்டிய காருக்கு, அங்கிருந்து குளிரூட்டிய அலுவலகத்துக்கு என்று வாழ்கிறவர் இந்த ஊரில் பத்து வருஷம் இருந்தாலும் முதல் நாள் வந்தவர்தான். கரண்ட் போன ஒரு ராத்திரியில் அது தெரிந்துவிடும். பழகிய உடம்பும் சில வாரம் ஏ.சி.யிலேயே அடைந்து கிடந்தால் பழக்கத்தை இழந்துவிடும்.

அதனால் வந்த முதல் இரண்டு வாரம், தினமும் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஏ.சி. இல்லாத இடத்தில் மிதமாக உடம்பை அசைத்து வேர்க்க விடுங்கள். உச்சி வெயில் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு மேல் நடங்கள், வீடு கூட்டுங்கள், துணி துவையுங்கள், மாடிப்படி ஏறுங்கள். வயதானவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் கால் மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊர் மாறி வந்ததும் தங்கள் மருத்துவரிடம் ஒரு முறை சொல்லிவிடுவது அவசியம். குளிர்ந்த ஊரில் சரியாக இருந்த அளவு இங்கே தலைசுற்றலைக் கொண்டுவரலாம். மனநல மருந்துகளில் சில, வேர்வையைக் குறைக்கும் தன்மை உள்ளவை. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வெக்கையிலிருந்து தப்பி ஓடும் ஆசைக்கு இந்த ஊரில் நீண்ட வரலாறு உண்டு. மெரினாவுக்கு எதிரே வட்டமாக எழுந்து நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842-ல் அது ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் என்ற வணிகர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, உலகத்தைப் பாதி சுற்றிக் கொண்டுவந்து அங்கே சேமித்து விற்றார். வெள்ளைக்கார துரைமார்களின் கோப்பையில் அந்த ஐஸ் மிதந்தது. அதுவும் போதாமல், கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே கோப்புகளோடு ஊட்டிக்கு ஏறிப்போனது. அதிகாரம் உள்ளவர்கள் குளிரைத் தங்களிடம் வரவழைத்தார்கள், இல்லாவிட்டால் குளிரைத் தேடிப் போனார்கள். இங்கேயே இருந்து வேலை பார்க்க வேண்டிய மக்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பின்னவர்கள்தான் ஆசிரியர்கள்.

நேரம் என்றேன். இந்த ஊரின் ஒரு நாளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கடல்காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. நல்ல நாளில் முற்பகல் முடியும் நேரத்திலேயே பெசன்ட் நகரில் அது தெரியும். மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போய்ச் சேரப் பிற்பகலாகும். ஒரே சென்னையில் ஒருவர் வீட்டு ஜன்னல் திரை ஆடத் தொடங்கிய பிறகும் இன்னொருவர் வெந்துகொண்டிருப்பது இதனால்தான். நுங்கம்பாக்கத்தில் பதிவாகும் வெப்பமும் மீனம்பாக்கத்தில் பதிவாகும் வெப்பமும் வேறுபடுவதற்கும் இதில் பங்கு உண்டு.

ஜூன் மாதத்தில் ஒரு சிக்கல் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, தமிழ்நாட்டுச் சமவெளி முழுக்கச் சூடேறி, வறண்ட மேல்காற்றாகச் சென்னைக்கு வந்து சேர்கிறது. அது பலமாக இருக்கும் நாளில் கடல்காற்றைக் கரையிலேயே நிறுத்திவிடும். அப்படிப்பட்ட நாள்தான் சென்னையின் கொடிய நாள். கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடிந்துவிடும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. புதிதாக வந்தவர்களும் அன்றோடு விடுதலை என்று நினைக்கிறார்கள். இந்த நகரத்தில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி, 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு வந்தது. ஆகவே நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்.

காற்றைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கடற்கரைக் குப்பங்களில் இருக்கிறார்கள். ஊரூர் குப்பத்தில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் நின்றிருந்தேன். தார்ப்பாயின் நிழலில் பெரியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையின் ஒரு கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையில் இருந்த ஊசியால் முடிச்சுப் போட்டபடி இருந்தார். சற்றுத் தள்ளி, கரையேற்றிய படகின் கம்பில் கட்டியிருந்த துணி கடல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. பேச்சு நடுவில் அது தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் இலைகூட அசையவில்லை. எனக்குக் கண்ணில் வேர்வை இறங்கியது. பிறகு அந்தத் துணி ஒரு முறை துடித்து, கரைப் பக்கமாகத் திரும்பியது. பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காத்து திரும்பிடுச்சு சார், இனிமே கை ஓடும்” என்றார். காலையிலிருந்து அவர் நிழலை விட்டு நகராமல் உட்கார்ந்தே செய்யும் வேலையை வைத்துக்கொண்டிருந்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து செய்யவேண்டிய வேலைகளையெல்லாம் அவர் அந்தக் காற்றுக்குப் பிறகு வைத்திருந்தார்.

உங்களால் முடிந்த அளவுக்கு அப்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். காய்கறி வாங்குவது, வங்கி, ரேஷன் கடை எல்லாவற்றையும் காலை ஒன்பதரைக்குள் முடியுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை அடுப்படியில் நிற்காதபடி சமையலை முன்கூட்டி முடித்துவிடுங்கள். ஜன்னலைப் பகல் முழுக்கத் திறந்து வைப்பது தவறு. மேல்காற்று அடிக்கும் நேரத்தில் மூடித் திரை போட்டு வையுங்கள்; கடல்காற்று வந்ததும் கிழக்கிலும் தெற்கிலும் இருப்பதைத் திறந்து, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற ஒரு வழியும் வையுங்கள்.

வீடு பார்க்கும்போது எல்லாரும் வாடகையையும் மெட்ரோ நிலையம் எவ்வளவு தூரம் என்பதையும் கேட்கிறார்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடா என்று கேட்பவர்கள் குறைவு. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில்தான் உள்ளே விடுகிறது. கட்டிலில் மல்லாந்து படுத்தால் கூரையின் அனல் முகத்தில் தெரியும். பழைய சென்னை வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு தளம் உண்டு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்துப் போடுவார்கள். அந்தத் தளத்தின் கீழே கோடை மத்தியானத்தில் ஒரு முறை நின்று பார்த்தவர்களுக்கு நாம் எதை இழந்தோம் என்று தெரியும். அது இனித் திரும்பி வராது. ஆனால் மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் வெள்ளை ஓடு பதிப்பதும் இன்றும் செய்யக்கூடியவை. வீட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். செலவில் பாதியைத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பாருங்கள். ஏ.சி. மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. மேற்குச் சுவர் வெயிலில் நிற்கிறதா, மரநிழலில் நிற்கிறதா என்பதையும் பார்த்து முன்பணம் கொடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இன்று ஒரே ஒரு சொல். ஜூனில் வீடு பார்ப்பவருக்கு டிசம்பர் தெரியாது. 2015 டிசம்பர் 1-ம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: அந்த வருஷம் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதன் பெரும்பகுதியில் வீடுகளும் அலுவலகங்களும் குப்பைமேடும் எழும்பிவிட்டன. நீர் தன் இடத்தைத் தேடி வருவதில் ஆச்சரியம் இல்லை.

தோலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். புதியவர்களுக்கு முதலில் வருவது வேர்க்குரு. வேர்வைக் குழாயின் வாய் அடைபடுவதால் வருகிறது. அதன் மேல் பவுடரை அப்பினால் அடைப்பு கூடுமே தவிரக் குறையாது. இரண்டு வேளை வெறும் தண்ணீரில் குளியல், தளர்ந்த பருத்தித் துணி, காற்று. இவை போதும், தானே அடங்கும். அடுத்து வருவது இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படரும் படர்தாமரை. இதில்தான் எனக்குப் பெரிய கவலை. மருந்துக்கடையில் கேட்டதும் கொடுக்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், ஆனால் பூஞ்சை உள்ளே செழித்துப் பரவும். மூன்று மாதம் அப்படித் தடவிவிட்டு, உடம்பு பூராவும் படர்ந்த பிறகு கூச்சத்தோடு வந்து நிற்கிறார்கள் விடுதி மாணவர்கள். தயவுசெய்து அந்தக் களிம்பைத் தொடாதீர்கள். உள்ளாடையை நன்றாக வெயிலில் காயவைத்து உடுத்துங்கள். துண்டையும் சோப்பையும் அறைத் தோழருக்குக் கொடுக்காதீர்கள். சீக்கிரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடிப்பதற்கு என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். இந்த ஊர் தெருவோரத்திலேயே பதில் வைத்திருக்கிறது: உப்புப் போட்ட நீர்மோர், கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், நுங்கு, இளநீர். வேர்வையில் போவது நீர் மட்டும் இல்லை என்பதால், மணிக்கணக்கில் வெயிலில் நின்றவர் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது சரியில்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்தால் வீட்டிலேயே செய்த உப்புச் சர்க்கரைக் கரைசல் தயார். உப்பு கூடிவிடக் கூடாது. ரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் இதில் தங்கள் மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும். சாதாரணமாக வீட்டில் இருப்பவருக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய நீர் குடிக்கிறீர்கள். அடர்ந்த மஞ்சளாக இருந்தால் குடிக்கவில்லை.

இதைச் சொல்லும்போதே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி எழும், அது நியாயமானது. குடித்தால் எங்கே போவது? கடைவீதியில் விற்பனைக்கு நிற்கும் பெண், போக்குவரத்துக் காவலில் நிற்கும் பெண், தெரு கூட்டும் பெண் எல்லாரும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றோடும் கல்லடைப்போடும் வரும் இவர்களிடம் “நிறையத் தண்ணி குடிங்கம்மா” என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, விற்பனையாளர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கியது. நாள் முழுக்க நின்றவர்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தது பெரிய விஷயம். அதே அக்கறையோடு சுத்தமான கழிவறையையும் கட்டாயமாக்கிக் கண்காணித்தால், பாதி மருந்துச் சீட்டு எழுதவேண்டிய வேலை எனக்கு மிச்சமாகும்.

உடையைப் பற்றியும் கேட்கிறேன். ஈரம் கனக்கும் இந்தக் காற்றில் பத்து வயதுக் குழந்தையின் கழுத்தில் டையும் காலில் உறையோடு கறுப்பு ஷூவும் எதற்கு? பள்ளி நிர்வாகிகள் யாராவது இந்த அவையில் இருந்தால், கடலோரத்துக்கு ஏற்ற சீருடையை இந்த வருஷமே கொண்டுவாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது, திரும்பி வருவேன் என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

நான் இதுவரை சொன்ன எல்லாமே தன் நாளைத் தானே கொஞ்சமாவது அமைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்குப் பொருந்தும். இதே மாதத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கும் இளைஞர்களும் நம்மைப் போலப் புதியவர்கள்தான். முதல் நாள் இறங்குகிறார்கள், மறுநாள் காலையில் கம்பி கட்டுகிறார்கள். வெயிலில் கிடந்த கம்பி உள்ளங்கையைச் சுடும். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, தங்குவது தகரக் கொட்டகை, ராத்திரியிலும் அதன் தகடு ஆறுவதில்லை. பழகுவதற்கு வேண்டிய அந்த இரண்டு வாரம் அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு தரும் கணக்கு ஒன்று உண்டு. அங்கே திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் இறப்பவர்களில் பாதியிலிருந்து 70 விழுக்காடு வரை, வெக்கையில் வேலை தொடங்கிய முதல் சில நாள்களிலேயே இறக்கிறார்கள். அதனால் அந்நாட்டுத் தொழில்நலத் துறை ஒரு விதியைப் பரிந்துரைக்கிறது. புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வெக்கையில் 20 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் வேலை தராதே, அடுத்தடுத்த நாள்களில் 20 விழுக்காடாகக் கூட்டு. ஐந்தாம் நாள் முழு வேலை. ஒரு மேஸ்திரிக்குப் புரியாத கணக்கா இது? முதல் நாள் நிழலில் பொருள் எண்ணும் வேலை, இரண்டாம் நாள் காலை மட்டும் வெளியில் என்று மாற்றிவிட்டால் போதும். கூலியைப் பிடிக்காமல் இதைச் செய்ய வேண்டும், பிடித்தால் அவரே மறைத்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிப்பது வெப்பமானியின் எண்ணை வைத்து. கடலோரத்தில் அது 37 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூட இருக்க வேண்டும். இந்த வரையறைக்குள் ஈரம் வரவில்லை. 36 டிகிரியில், காற்று நின்றுபோன புழுக்கத்தில், சிமெண்ட் மூட்டை சுமக்கும் ஒருவர் விழுந்தால் அன்று வெப்ப அலை இல்லை என்று காகிதம் சொல்லும். கடலோர நகரங்களுக்கு ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எச்சரிக்கை வேண்டும். மாநகராட்சி உறுப்பினர்களிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாம் கேட்க வேண்டியது இது.

அதுவரை உங்கள் தெருவில் கட்டடம் எழும்பினால், காவலாளியிடம் புதிதாக வந்தவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது, ஓய்வெடுக்க நிழல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று தடுமாறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் உளறினாலோ, தொட்டால் உடம்பு கொதித்தாலோ அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. உளறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நிழலுக்குத் தூக்குங்கள், சட்டையைக் கழற்றுங்கள், குடம் குடமாக உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் கட்டி வையுங்கள். பக்கத்து மீன்கடையில் கேட்டால் தருவார்கள். இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.